நோவை மறக்கும் வழியும், மறைக்கக் கூடாத நோவும்

மண்சரிவு அபாயத்தினால் வீட்டை விட்டு வெளியேறி, பாடசாலை மண்டபத்திலோ கோயில் மடத்திலோ சில வாரங்கள் தங்கியிருந்தவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். பகலில் எப்படியோ அடங்கிக் கிடக்கும் உடம்பு நோவு, விளக்கை அணைத்துப் படுத்ததும் எழுந்து உட்கார்ந்து கொள்கிறது. இடுப்பும் முழங்காலும் பழைய காயங்களும் ஒவ்வொன்றாகக் கதைக்கத் தொடங்குகின்றன.

பதுளைப் பக்கத்து மலையொன்றிலிருந்து இறக்கிவரப்பட்ட ஒரு தாயை நாம் அப்படியான மண்டபமொன்றில் கண்டோம். எழுபது வயதைத் தாண்டியவர். நாற்பது வருடங்கள் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டியவர். வேலையிலிருந்து நின்ற பின்னர் லயத்துக்குப் பின்னாலிருந்த துண்டு நிலத்தில் போஞ்சியும் லீக்ஸும் போட்டு, ஒரு பசுவையும் வளர்த்து வந்தார். மண்டபத்துக்கு வந்த பத்தாம் நாள் அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. நடமாடும் வைத்திய முகாமில் காட்டியபோது, புதிதாக ஒன்றும் இல்லை, பழைய தேய்மானம்தான் என்றார்கள். "வீட்டுல இருக்கிறப்பவும் வலிச்சிச்சிதான். ஆனா மாட்டுக்குப் புல்லு அறுக்கணும், போஞ்சிக்குக் கம்பு நடணும், பேரப்புள்ளைக்கு ரொட்டி சுடணும். இங்க எனக்குன்னு இருக்கிறது இந்த முழங்கால் மட்டுந்தானே சாமி" என்றார் அவர்.

அவர் சொன்னதைக் கேட்டு அன்று நாமும் பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால், பின்னர் யோசித்துப் பார்த்தபோது, வைத்தியர்கள் பல வருடங்கள் ஆராய்ந்து கண்டறிந்ததை அந்தத் தாய் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்றே எமக்குத் தோன்றியது.

பிள்ளை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக் கொண்டால் தாய் என்ன செய்கிறாள்? தேய்த்து விடுகிறாள், ஊதி விடுகிறாள், "அந்தா பார் காக்கா" என்கிறாள். கவ்வாத்து வெட்டும்போது விரல் நசுங்கினால், நசுங்கியவர் மற்றக் கையால் அதை இறுக்கிப் பிடித்துக் கொள்கிறார். இதை எவரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஆனாலும் நோவு குறைகிறது. இது வெறும் மனப்பிரமை என்று படித்தவர்கள் நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 1965ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக், இங்கிலாந்தைச் சேர்ந்த பற்றிக் வோல் என்ற இருவர் இதற்கொரு விளக்கம் சொன்னார்கள். அதனை நமது பாஷையில் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நினைத்துக் கொள்ளுங்கள். வாசல் ஒன்றுதான். பல மலைகளிலிருந்தும் கூடைகள் அந்த வாசலுக்கு வருகின்றன. நமது முதுகுத் தண்டிலும் அப்படியொரு வாசல் இருக்கிறது. உடம்பின் எந்தப் பக்கத்திலிருந்து வரும் செய்தியும் அதன் வழியாகவே மூளைக்குப் போக வேண்டும். தொடுகை, தேய்ப்பு, அழுத்தம் ஆகிய செய்திகள் தடித்த நரம்புகளில் வேகமாக ஓடிவருகின்றன. ஆறாமல் உளையும் நோவோ மெல்லிய நரம்புகளில் மெதுவாக நடந்து வருகிறது. வேகமாக வந்தவை வாசலை நிறைத்துக் கொண்டால் மெதுவாக வந்தது பின்னால் நிற்க வேண்டியதுதான். அதுமட்டுமல்ல, வாசலைத் திறக்கவும் சாத்தவும் மேலேயிருந்து மூளையும் கட்டளை அனுப்புகிறது. அந்த விளக்கத்தின் சில நுணுக்கங்களைப் பின்னர் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆயினும் அடிப்படை நிலைத்து நிற்கிறது.

மேலேயிருந்து வரும் கட்டளை எவ்வளவு வலியது என்பதற்கு இரண்டாம் உலகப் போர்க் காலச் சம்பவம் ஒன்றுண்டு. 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர், கடும் காயமடைந்து வந்த வீரர்களிடம் நோவுக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார். பெரும்பாலானோர் வேண்டாம் என்றார்கள். போர்முனையை விட்டு உயிரோடு வெளியேறுகிறோம் என்பதே அந்தக் காயத்தின் பொருளாக அவர்களுக்கு இருந்தது என அவர் விளங்கிக் கொண்டார். இதைப் படித்தபோது எமக்கு நம்மவர்களின் நினைவுதான் வந்தது. நமது காயத்தின் பொருள் வேறு. வீடு போயிற்று, விதைத்தது போயிற்று, திரும்பிப் போக முடியுமா என்பதும் தெரியாது. அதே அளவு காயம் நம்மவருக்குக் கூடுதலாக வலிப்பதில் என்ன ஆச்சரியம்?

2012இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் இன்னொரு பரிசோதனை நடந்தது. கையில் சூடு வைத்து, அதே வேளை மனதுக்குக் கடினமான ஞாபகக் கணக்கொன்றையும் கொடுத்தார்கள். கணக்கில் மூழ்கியிருந்தவர்களுக்கு நோவு குறைந்தது. குறைந்தது மூளையில் மாத்திரமல்ல, முதுகுத் தண்டுக்குள் வரும்போதே செய்தி மெலிந்து விட்டதைப் படமெடுத்துக் காட்டினார்கள். உடம்பில் தானாக ஊறும் அபின் போன்ற பொருளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது அந்தப் பலன் பெருமளவு குறைந்தது. ஆகவே, கவனத்தைத் திருப்புவது என்பது ஏமாற்று வேலை அல்ல. உடம்பு தனக்குத் தானே மருந்து காய்ச்சிக் கொள்வதாகும்.

தீயில் வெந்தவர்களின் புண்ணைக் கழுவும்போது உண்டாகும் வேதனை சொல்லி முடியாதது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், அந்த நேரத்தில் நோயாளியின் கண்ணுக்கு முன்னால் ஒரு கருவியை மாட்டி, பனி மூடிய மலைப்பள்ளத்தாக்கில் பனிக்கட்டி எறிந்து விளையாட விடுகிறார்கள். வேதனை கணிசமாகக் குறைகிறதாம். நமக்கு அந்தக் கருவி கிடைக்கப் போவதில்லை. ஆனால், புண் கழுவும் நேரத்தில் பக்கத்திலிருந்து கதை சொல்ல ஒரு அக்கா கிடைப்பாள்.

உண்மையில் இந்த வித்தை நமது மலைகளுக்குப் புதியதல்ல. மழையிலும் அட்டைக்கடியிலும், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறியவர்கள் தெம்மாங்கு பாடினார்கள். அந்தப் பாடல்களைத் தேடித் திரட்டியவர்களில் சி.வி. வேலுப்பிள்ளையை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். பாட்டு துரைக்குக் கூடுதல் கொழுந்தைக் கொடுத்திருக்கலாம். பாடியவளுக்கோ அது கழுத்து நோவைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கும் சுமைதாங்கியாக இருந்தது. தோட்டத்து ஆடித் திருவிழாவில் அலகு குத்துபவரையும் தீ மிதிப்பவரையும் பாருங்கள். நமது ஊவா மாகாணத்திலேயே இருக்கும் கதிர்காமத்துக்கு, வெல்லவாய, புத்தல வழியாக இறங்கிப் போகும் அடியார்கள் முதுகில் முள் கொளுவி நடப்பதைக் கண்டவர்கள் நம்மில் பலர். பேராசிரியர் கணநாத் ஒபேசேகர கதிர்காமத்துத் துறவிகளைப் பற்றி 1981இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அவர்களில் பலர் வாழ்க்கையில் பெருந்துயரம் கண்டவர்கள் என்பது அந்நூலில் தெரிகிறது. அந்த நேர்த்தியின் பொருளை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுவோம். பறையும் அரோகராவும் கூட்டமும் நோன்பும் ஒன்று சேரும்போது மனிதன் எவ்வளவு நோவைத் தாங்க முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஒரு நோவை இன்னோர் உணர்ச்சியால் அடக்கும் நமது அன்றாட மருந்து தைலமும் சித்தாலேபவும் ஆகும். இவ்வகைப் பூச்சுகளில் பொதுவாக உள்ள புதினாச் சத்தான மென்தோல், தோலிலுள்ள குளிரறியும் நரம்பை எழுப்புகிறது. மிளகாயின் காரமோ சூடறியும் நரம்பை எழுப்புகிறது. மிளகாய்க் காரத்தை உணரும் நரம்புவாயிலை டேவிட் ஜூலியஸ் 1997இல் கண்டுபிடித்தார். வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் வழிகளைக் கண்டறிந்ததற்காக அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே, "அந்தத் தைலத்தில என்ன இருக்கு, சும்மா எரிச்சல்தானே" என்று கிண்டல் செய்யும் பிள்ளைகளுக்கு, அந்த எரிச்சல்தான் மருந்து என்று சொல்லலாம். ஆனால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ இவற்றைத் தடவ வேண்டாம். போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் நஞ்சு.

மற்றொன்று வெற்றிலை. இதைப் பற்றி எழுதினால் வாசகர் சிலருக்குக் கோபம் வரும் என்பது தெரியும். பசியையும் களைப்பையும் பல்வலியையும் மறக்க வெற்றிலை போட்டுக் கொண்டே மலையில் நின்றவர்களின் பிள்ளைகள் நாம். பாக்கு உடம்பைச் சூடேற்றி உசுப்புகிறது, சுண்ணாம்பு சுள்ளென்கிறது, வெற்றிலையின் காரம் வாயை மரக்கச் செய்கிறது. நோவு பின்னுக்குப் போகிறது. வேலை செய்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அதன் விலை பெரிது. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதியாகக் கூறியது. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, வாயைத் திறந்து முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். நுழையாவிட்டால், அல்லது கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத வெள்ளைத் தழும்போ சிவப்புத் தழும்போ இருந்தால், வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். தழும்பு நிலையிலேயே கண்டால் காப்பாற்றலாம். முகாம்களில் வேறு வேலையில்லாமல் வெற்றிலை கூடிப்போவதை நாம் கண்ணால் காண்கிறோம். ஆண்கள் பக்கத்தில் கசிப்பு கூடிப்போவதையும் காண்கிறோம். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இனி நாம் அழுத்திச் சொல்ல விரும்புவதற்கு வருகிறோம். நோவு ஒரு தூதுவன். சில வேளை அவன் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த பின்னும் வாசலில் நின்று கத்திக் கொண்டிருப்பான். தேய்ந்த முழங்கால், ஆறிப்போன முறிவு, பிரசவ நோவு, ஊசி நோவு எல்லாம் அப்படியானவை. அவனைத் தைலத்தாலும் பாட்டாலும் கதையாலும் அடக்குவதில் தவறே இல்லை. ஆனால், செய்தியைக் கேட்கு முன்னரே அவன் வாயைப் பொத்தினால் அழிவு நமக்குத்தான்.

நெஞ்சு நோவென்றால் நம் மத்தியில் முதற் பெயர் "வாய்வு". இஞ்சி அவித்துக் குடிப்பது, தைலம் தேய்ப்பது, விடியட்டும் என்று படுப்பது. நெஞ்சை அழுத்திப் பிடித்து, இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம். தேய்த்துக் கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத்தில் ஒரு பகுதி செத்துக் கொண்டிருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். உங்கள் பாதை வாகனம் ஏற முடியாத பாதையென்றால், தார் வீதி வரை நோயாளியைத் தூக்கி வர ஆட்களை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வயலிலும் சேற்றிலும் இறங்குபவர்களுக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை கடுமையாக நொந்து, கண் சிவந்தால், வேலைக் களைப்பு என்று எண்ணெய் தேய்க்க வேண்டாம். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். காலம் தாழ்த்தினால் சிறுநீரகம் பழுதடையும். டெங்குக் காலத்தில் உடம்பு நோவுக்குப் பனடோலைத் தவிர வேறு நோவுக் குளிசைகளை, முக்கியமாக அஸ்பிரினை, கடையில் வாங்கிப் போட வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். வலிப்புக்கும் மஞ்சட் காமாலைக்கும் குழந்தைக்குச் சூடு வைக்கும் பழக்கம் முழுவதும் ஒழிந்து விட்டதென்றும் சொல்ல முடியாது. சூட்டு நோவில் குழந்தை பழைய நோயை மறந்து கத்தும். நோய் போகாது, புண் மாத்திரம் கூடும்.

மாறாக, இந்த வித்தையைத் தயங்காமல் பாவிக்க வேண்டிய இடங்களில் நாம் பாவிப்பதில்லை. பிள்ளைக்குத் தடுப்பூசி போடும்போது, "அழாதே, சும்மா இரு" என்று பிடித்து அமுக்குகிறோம். தாய் மடியில் நிமிர்த்தி வைத்துக் கொள்ளும்படியும், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக் கொண்டே ஊசி போடும்படியும், சற்று வளர்ந்த பிள்ளைக்கு வேடிக்கை காட்டும்படியும் உலக சுகாதார அமைப்பு 2015இல் ஆலோசனை கூறியிருக்கிறது. கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் நீங்களே கேட்கலாம். பிரசவத்தின்போது தாய்க்கு விருப்பமான ஒருவர் கூட இருப்பதும், இடுப்பைத் தேய்த்து விடுவதும், வெந்நீர் ஒத்தடமும் நல்லவை என்று அதே அமைப்பு 2018இல் கூறியது. லயத்து மருத்துவிச்சிக் கிழவிகள் இதைத்தானே செய்தார்கள்! பிரசவத்தை வைத்தியசாலைக்கு மாற்றியது சரி. எத்தனையோ தாய்மாரின் உயிரை அது காத்தது. இடுப்பைப் பிடித்துவிட்ட கையை வெளி வாசலில் நிறுத்தியதுதான் பிழை. சில வைத்தியசாலைகளில் இப்போது ஒருவரைக் கூட இருக்க விடுகிறார்கள். முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மறுபடி அந்தத் தாயின் வார்த்தைக்கு வருவோம். "இங்க எனக்குன்னு இருக்கிறது இந்த முழங்கால் மட்டுந்தானே." 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதன் பின், தப்பியவர்களில் பலர் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் காத்திருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மழை பதுளை மாவட்டத்தில் மீண்டும் எத்தனையோ குடும்பங்களை மண்டபங்களுக்கு அனுப்பியது. அங்கே அரிசி வருகிறது, பருப்பு வருகிறது, பாய் வருகிறது. வேலை வருவதில்லை. காலையிலிருந்து மாலை வரை கைகளைக் கட்டிக்கொண்டு இருக்கும் விவசாயிக்கு, நோவைப் பின்னால் நிறுத்தும் வாசற்காரன் எவனும் இல்லை. ஆகையால் நிவாரணம் வழங்கும் எல்லோரிடமும், எம்மையும் சேர்த்துத்தான், நாம் கேட்பது இதுவே. மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தையும் விதையையும் முதல் வாரத்திலேயே கொடுங்கள். சமையலை அங்குள்ளவர்களிடமே விடுங்கள். ஒரு வானொலிப் பெட்டி, ஒரு தையல் இயந்திரம், பிள்ளைகளுக்கு மாலைப் பாடம். இவற்றை "பொழுதுபோக்கு" என்ற தலைப்பின் கீழ் எழுதிக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். மருந்துப் பட்டியலில் சேருங்கள்.

இதைச் சொல்லும்போது எமக்கொரு பயமும் உண்டு. விதைப் பைக்கற்றைக் கொடுத்துவிட்டுக் காணியைக் கொடுக்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். கலை நிகழ்ச்சி நடத்தி, படமெடுத்து, அதோடு கணக்கை மூடுபவர்களும் இருக்கிறார்கள். அது நெஞ்சு நோவுக்குத் தைலம் தேய்க்கும் வேலை. மீரியபெத்தை மலை ஆபத்தானது என்று சரிவுக்குச் சில வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. மலைக்கும் நோவு வருகிறது. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், சேறாக வரும் பீலித் தண்ணீர் ஆகியவை அதன் நோவு. சுவர் வெடிப்பைச் சீமெந்தால் பூசி மறைத்து, மேலே வெள்ளை அடித்துவிட்டுப் படுத்த வீடுகளை நாம் அறிவோம். வெடிப்பைக் கண்டால் பூச வேண்டாம். அதன் இரண்டு முனைகளிலும் திகதியோடு கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் கிராம சேவகருக்கு எழுத்தில் அறிவியுங்கள். மழை பிடித்துக் கொண்டால் பதிலுக்குக் காத்திராமல் இறங்கி விடுங்கள்.

நாம் கண்ட தாய்க்கு, மண்டபத்துச் சுவரோரம் நான்கு மாவுச் சாக்குகளில் மண் நிரப்பி இளைஞர்கள் கொடுத்தார்கள். போஞ்சி இப்போது கம்பில் ஏறி விட்டது. காலையில் தண்ணீர் ஊற்ற எழுந்து நடக்கிறார். மாலையில் பிள்ளைகளைச் சுற்றி இருத்திக் கதை சொல்கிறார். முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டோம். "வலிக்குது. ஆனா இப்ப அது மட்டும் இல்லயே" என்றார். எலும்பு கிளினிக்குக்கு அவருக்குத் திகதி கிடைத்திருக்கிறது. காணிக்காக அவர் மகன் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தை இந்த வாரம் அவரோடு உட்கார்ந்து எழுதுகிறோம்.